ஜீப் திரும்பும்வரை யார் புரட்டிவிடுவது?

கம்பம், கூடலூர், போடி பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அந்த வீட்டில் பக்கவாதம் வந்து கிடையில் விழுந்த அப்பத்தாவோ இடுப்பெலும்பு முறிந்த மாமனாரோ இருந்தால், ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றும் இருக்கும். மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே, கடைசி வரியில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ஜீப் போவதற்கும் வருவதற்கும் இடையில் அந்தக் கணக்குப்படி ஐந்தாறு முறை புரட்டியாக வேண்டும். யார் புரட்டுவது என்பதைச் சீட்டு சொல்லாது.

படுக்கைப் புண்ணைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். மருந்துக் கடையில் "முதுகுப் புண்ணுக்கு ஒரு களிம்பு குடுங்க" என்று கேட்கிறோம். களிம்புக்கு அதில் சின்னப் பங்குதான். புண் வராமல் காப்பதற்கு வேண்டியது நேரமும் இன்னொரு ஆளின் கையும். கூலி வீடுகளில் குறைவாக இருப்பவையும் அவைதான்.

புண் எப்படி வருகிறது? படுத்திருப்பவரின் எடை எலும்பு முனைகள் வழியாகப் படுக்கையில் இறங்குகிறது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சதையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அமுங்கி மூடிக்கொள்கின்றன. சில மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் அந்த இடம் செத்துப்போகும். நடமாடுகிறவர்கள் தூக்கத்தில் தம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். உடம்பு கூச்சல் போட்டு நம்மைப் புரட்டிவிடுகிறது. பக்கவாதக்காரருக்கும், தண்டுவடம் அடிபட்டவருக்கும், மறதி நோய் முற்றியவருக்கும் அந்தக் கூச்சல் கேட்பதில்லை. கேட்டாலும் புரள முடிவதில்லை. சேதம் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்கி மேலே வருகிறது. திராட்சைக் கூடையில் அடியில் நசுங்கிய பழம் மேலே பார்ப்பவருக்குத் தெரியாது, இதுவும் அப்படித்தான். தோலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நிறம் மாறித் தெரியும்போது உள்ளே உள்ளங்கை அகலம் கெட்டிருக்கலாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் ஆறாத புண்கள் ஏன் வருகின்றன என்று ஆராய்ந்தார். கிருமி சதையைத் தின்கிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று அவர் கண்டார். அழுத்தத்தை விலக்கியதும் அதே பாதங்கள் ஆறின. கிடையில் இருப்பவரின் முதுகுக்கும் கணக்கு அதேதான்.

அழுத்தத்தோடு சறுக்கலும் சேரும்போது நிலைமை மோசமாகிறது. சுவரில் தலையணையை முட்டுக்கொடுத்துப் பாதி உட்கார்ந்த வாக்கில் டிவி பார்க்க வைக்கிறோம் அல்லவா? ஆள் மெல்லக் கீழே சரிவார். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு நழுவும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். சாப்பாடு கொடுக்கும்போதும் அதன்பின் சற்று நேரமும் நன்றாக நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், அதில் சமரசம் கூடாது. மற்ற நேரத்தில் தலைப்பக்கத்தை முப்பது டிகிரிக்கு மேல் தூக்காமல் இருப்பது நல்லது. கீழே சரிந்தவரை அக்குளில் கைகொடுத்து இழுத்து மேலேற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அந்த ஒரு இழுப்பில் தோல் உரிந்துவிடும். பழைய நூல் சேலையை நாலாய் மடித்து முதுகிலிருந்து தொடை வரை அடியில் போட்டுவைத்தால், இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம்.

எங்கே பார்க்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பகுதியும் குதிகாலும்தான் முதலிடம். பிறகு இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்தலை, காது மடல். சக்கர நாற்காலியிலோ சாய்வு நாற்காலியிலோ நாள் முழுக்க இருப்பவருக்குப் பிட்டத்தின் உட்காரும் எலும்பு. குழாய்களும் புண் உண்டாக்கும். மூக்கில் போட்ட உணவுக்குழாய், காதுக்கு மேல் போகும் ஆக்சிஜன் குழாய், தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்ட சிறுநீர்க் குழாய், மாவுக்கட்டின் விளிம்பு எல்லாவற்றையும் தினமும் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகங்கள் முதல் அறிகுறி 'சிவப்பு' என்கின்றன. அவை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. வெயிலில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர் தோலில் சிவப்பு தெரியாது. சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் புண் உடைந்த பிறகுதான் கண்ணில் படும். நம் தோலில் அந்த இடம் சுற்றியுள்ளதைவிடக் கறுத்து, நீலம் பாய்ந்து, அல்லது பளபளப்பாகத் தெரியும். கண்ணைவிடக் கைக்கு அதிகம் தெரியும்: புறங்கையை வைத்தால் சூடாகவோ சில்லென்றோ இருக்கும், விரலால் தொட்டால் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். உணர்வு உள்ளவர் எரிகிறது, வலிக்கிறது என்பார். "சும்மா தொணதொணன்னு" என்று நாம் ஒதுக்கிவிடும் அந்த முனகல்தான் பல நேரம் முதல் எச்சரிக்கை. காலையில் உடம்பு துடைக்கும்போதும் ராத்திரி படுக்கவைக்கும்போதும் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது போதும். சந்தேகமான இடத்திலிருந்து அவரை வேறு பக்கம் சாய்த்து அரைமணி கழித்துப் பாருங்கள். அடையாளம் மறையவில்லை என்றால் அது முதல் நிலைப் புண். தோல் கிழியாவிட்டாலும் புண்தான். இனி அந்தப் பக்கம் படுக்கவைக்கவே கூடாது. இந்த நிலையில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். கொப்புளம், தோல் உரிதல், அப்புறம் குழி, அதன்பின் எலும்பு என்று அது வளர்ந்துவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அந்த இரண்டு மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். அது வேதவாக்கு அல்ல. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2014இல் சொன்னது: புண் வர வாய்ப்புள்ளவரைக் குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும், அதிக ஆபத்தில் உள்ளவரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நிலை மாற்ற வேண்டும். 2019இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் எல்லாருக்கும் ஒரே கடிகாரம் வைக்காமல், அவரவர் தோலையும் படுக்கையையும் பார்த்து இடைவெளியை முடிவு செய்யச் சொல்கிறது. அழுத்தம் பரவும் நல்ல மெத்தை இருந்தால்தான் இந்த நீண்ட இடைவெளிகள் பொருந்தும். சிமெண்ட் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கு இரண்டு மணி நேரமே அதிகம். ஆனாலும் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைப்பிடிக்க முடியாத விதியை வீடுகள் பாதியாகக் கடைப்பிடிப்பதில்லை, முழுதாகக் கைவிட்டுவிடுகின்றன. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா யாரால முடியும்" என்று சொல்லி, காலையில் மல்லாக்கப் படுக்கவைத்தவரைச் சாயங்காலம் அதே வாக்கில் பார்க்கிறோம்.

மெத்தையை முதலில் சரிசெய்துகொண்டு, ஜீப் நேரத்துக்கு ஒத்துவருகிற ஒரு கணக்கைப் போடலாம். கிளம்புமுன் சுத்தம் செய்து இடப்பக்கம் சாய்ப்பது. ஒன்பது மணிவாக்கில் பக்கத்து வீட்டு அக்கா வந்து வலப்பக்கம் மாற்றுவது, மதியம் கஞ்சியோ சோறோ கொடுக்கும்போது இன்னொரு முறை. வீடு திரும்பியதும் ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று, நடுராத்திரி ஒன்று. மதிய வேளைக்கு வருகிறவருக்குச் சும்மா நன்றி சொல்லாமல் மாதம் ஒரு தொகை பேசிக்கொள்வது உறவுக்கும் நல்லது, ஒழுங்குக்கும் நல்லது. தினசரி காலண்டர் தாளில் மணியையும் பக்கத்தையும் குறித்துவைத்தால் யார் வந்தாலும் அடுத்து எந்தப் பக்கம் என்று தெரியும். இதற்காகப் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளையை நிறுத்திவிடுவதும் நம் பக்கம் நடக்கிறது. எட்டாவது படிக்கும் பிள்ளையால் அறுபது கிலோ ஆளைத் தூக்கிப் புரட்ட முடியாது, இழுக்கத்தான் முடியும். பிள்ளையின் படிப்பும் போய், தாத்தாவின் தோலும் போகும்.

பக்கம் மாற்றும்போது முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் மொத்த எடையும் இடுப்பு எலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து இடுப்பு வரை தலையணை கொடுத்து, முப்பது டிகிரி அளவுக்கு லேசாகச் சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொன்று. குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும், அடியில் ஒரு தாளை நுழைத்தால் தடையில்லாமல் போக வேண்டும். தலையணைக்குத் தேனிக்காரர்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. வருசநாட்டு இலவம்பஞ்சு போடியில் மெத்தையாகவும் தலையணையாகவும் மாறித் தமிழ்நாடு முழுக்கப் போகிறது. சாய்ப்பதற்கு இலவம்பஞ்சுத் தலையணை அருமையானது: லேசு, சூடு தங்காது, நினைத்த வடிவத்துக்கு வளையும். ஆனால் பழைய இலவம்பஞ்சு மெத்தையை நம்பாதீர்கள். பஞ்சு அமுங்கிக் கட்டி தட்டிய இடத்தில் படுப்பதும் பலகையில் படுப்பதும் ஒன்றுதான். அடிக்கடி வெயிலில் காயவைத்து அடித்து உதறினால் கொஞ்சம் மீளும். பல வருட மெத்தை மீளாது.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காற்று மெத்தையில் அறைகள் மாறி மாறி ஊதி இறங்கும். பயன் உண்டு. ஆனால் கரண்ட் போனால் அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. கரண்ட் வந்ததும் மோட்டார் மறுபடி ஓடுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேர் கீழே உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். கையில் எலும்பு இடித்தால் காற்று போதவில்லை. அதன்மேல் ரப்பர் ஷீட்டும் இரண்டு மடிப்புப் போர்வையும் போட்டுவிட்டால் வாங்கிய காசு வீண். எந்த மெத்தை வாங்கினாலும் புரட்டுவது நிற்காது. "ஏர் பெட் வாங்கிட்டோம்ல" என்பது இந்த விஷயத்தில் நான் மிகவும் பயப்படும் வாக்கியம்.

செய்யக் கூடாதவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கறுத்துப்போன இடத்தைத் தேய்த்து நீவிவிடக் கூடாது. உள்ளே செத்துக்கொண்டிருக்கும் சதை இன்னும் கிழியும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்காரவைத்தால், சுற்றியுள்ள ஓரத்தில் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை மறிக்கும். ஸ்பிரிட்டும் டெட்டால் தண்ணீரும் தோலை வறட்டிவிடும். பவுடர் வேர்வையில் கட்டியாகி உறுத்தும். திறந்த புண்ணில் மஞ்சள், சாம்பல், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் செவிலியர் டோரீன் நார்ட்டனின் குழு முதியோர் மருத்துவமனைகளில் ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட முடிவும் இந்தப் பக்கம்தான் நின்றது: தோலில் தடவுவதைவிட அழுத்தத்தை அடிக்கடி விலக்குவதே வேலை செய்கிறது.

ஈரம் தனிப் பிரச்சினை. மூத்திரத்திலும் மலத்திலும் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். நனைந்தால் உடனே மாற்றி, வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலினோ துத்தநாகக் களிம்போ மெல்லப் பூசிவிடலாம். நனைப்பார் என்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பது பரவலாக நடக்கிறது. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர் காலையில் அரை டம்ளர் மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தண்ணீர் குறைந்த உடம்பில் தோல் வறண்டு எளிதில் கிழியும், மூத்திரம் கெட்டித்து எரிச்சல் கூடும், கிழவர் குழம்பிப் பிதற்றவும் தொடங்குவார். பகலுக்கு ஒரு பெரியவர் டயப்பர் போட்டு, மதியம் வருகிறவர் அதை மாற்றுவது தண்ணீரை நிறுத்துவதைவிட நல்லது.

சாப்பாட்டில் "படுத்தே கெடக்குறவருக்கு எதுக்கு" என்று கஞ்சியோடு நிறுத்திவிடுகிறோம். தோல் தன்னைத் தைத்துக்கொள்ளப் புரதம் வேண்டும். புண் வர வாய்ப்புள்ளவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது; ஐம்பது கிலோ ஆளுக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். ரேஷன் துவரம்பருப்பைக் கெட்டியாக வேகவைத்து மசித்துச் சேர்ப்பது, முட்டை, தயிர், கடலை, முடிந்த அன்று மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வையுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்தப் புண்ணும் ஆறாது.

புண்ணிலிருந்து நாற்றம், காய்ச்சல், சுற்றிலும் பரவும் வீக்கம், கறுப்பாய்க் காய்ந்த தோல், எலும்பு தெரிதல், திடீர்க் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். கிருமி ரத்தத்தில் கலந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகலாம். புழு வைத்துவிட்டால் பல வீடுகள் வெட்கத்தில் மறைக்கின்றன. செவிலியருக்கு அது புதிதல்ல. நாம்தான் நம்மைக் கொடியவர்களாக நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கலாம் என்பது தென்மாவட்டங்களுக்குத் தெரியும். விருதுநகர், மதுரை, தேனி வட்டாரத்தில் 'தலைக்கூத்தல்' பற்றிப் பேசாத ஊரில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிரவைத்து இளநீர் கொடுத்துக் கிடையில் இருப்பவரை முடித்துவிடுவது. அதைப் பேசிய 'பாரம்' திரைப்படம் தேசிய விருது பெற்றது. சட்டத்தின் கண்ணில் அது கொலை. "இழுத்துக்கிட்டுக் கெடக்குது, பாக்க முடியல" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் பல நேரம் இருப்பது வயது மட்டுமில்லை, ஆறாத புண்ணின் வலியும் நாற்றமும்தான் என்பது என் எண்ணம். இவை இரண்டையும் குறைக்க மருத்துவம் இருக்கிறது. அது வீட்டுக்கே வர வேண்டும் என்பதுதான் உரிமைக் கேள்வி.

முதலில் மருத்துவமனையில் உள்ள உரிமை. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனையானாலும், தனியார் நர்சிங் ஹோமானாலும், எழுந்து நடமாட முடியாதவரைச் சேர்க்கும்போது அவருக்குப் படுக்கைப் புண் ஆபத்து எவ்வளவு என்று கேளுங்கள். 1987இல் அமெரிக்காவில் வெளியான பிராடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், நிலை மாற்றும் திறன், உணவு, உராய்வு ஆகிய ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் போடுகிறது. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து. கருவியோ காசோ தேவையில்லாத சோதனை. சேரும் நாளில் தோல் எப்படி இருந்தது, புண் ஏற்கெனவே இருந்ததா என்பதை நோய்க்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு தேதி தெரியும்படி ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேச்சு வந்தால் இவைதான் பேசும்.

மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை சொல்கிறது. அரசு மருத்துவமனையில் குறை என்றால் நிலைய மருத்துவ அலுவலர், கல்லூரி முதல்வர், பிறகு 104 அல்லது முதலமைச்சர் உதவி எண் 1100, அல்லது ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டம். தனியார் என்றால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுகளுக்குள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு அது பொருந்தாது.

ஆனால் புண் வந்ததாலேயே எவரோ தவறு செய்தார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பணமும் முழுநேரச் செவிலியர்களும் இருந்தும், படுக்கைப் புண் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில்தான் 2004 அக்டோபரில் இறந்தார். ஆணையத்தில் எழும் கேள்வி வேறு: ஆபத்தை மதிப்பிட்டார்களா, நிலை மாற்றினார்களா, புண் தெரிந்ததும் சிகிச்சை செய்தார்களா, இவற்றுக்குப் பதிவு உண்டா? வார்டில் ஒரு செவிலியர் தலையில் எத்தனை கட்டில்கள் என்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கோபப்படுவது நியாயம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், "எல்லாம் சொல்லிட்டாங்க" என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். புரட்டுவதைச் செவிலியர் ஒருமுறை செய்து காட்டட்டும். பிறகு நீங்கள் அவர் முன்னால் செய்யுங்கள். சிறுநீர்க் குழாய் எந்தத் தேதியில் மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியருக்குத் தகவல் போகும்.

அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றே மக்கள் நினைக்கிறார்கள். நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், பயிற்சி தருவதும், சிறுநீர்ப் பை மாற்றுவதும் அதே திட்டத்தில் உண்டு, கட்டணம் கிடையாது. தேனி மாவட்டத்தில் எட்டு ஒன்றியங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ, "எங்க வீட்ல ஒருத்தர் கிடையில இருக்காரு, பட்டியல்ல சேருங்க" என்று சொல்லிப் பதிய வேண்டும். வரவில்லை என்றால் 104.

ஒரு வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கில் கடமலைக்குண்டு-மயிலாடும்பாறை போன்ற பரந்த மலையடிவார ஒன்றியத்துக்கு வாரந்தோறும் எப்படி வர முடியும் என்று கேட்டால், முடியாது. நம் பெண்கள் வேலைக்குப் போகும் மலைக்கு அந்தப் பக்கம் வேறு ஏற்பாடு. கேரளம் 2008இலேயே நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று மாநிலக் கொள்கை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் செவிலியரை வீடு வீடாக அனுப்புகிறது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள் கூடப் போகிறார்கள். நம் கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மதிய நேரத்தில் இரண்டு தெருவைச் சுற்றிவந்து புரட்டிவிட ஒரு பயிற்சி பெற்ற ஆள், அவருக்கு ஒரு சம்பளம். ஜீப் வேலையை நம்பி நிற்கும் ஊர்களுக்கு இதைவிட அவசியமான செலவு எனக்குத் தெரியவில்லை.

தென்னை மரத்திலிருந்து விழுந்தும் மலைப்பாதை விபத்திலும் தண்டுவடம் அடிபட்ட இளையவர்களுக்குத் தனியாகச் சில வழிகள் உண்டு. தண்டுவடப் பாதிப்பு உள்ளிட்ட கடும் ஊனமுற்றோருக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகையை தமிழக அரசு 2,000 ரூபாயாக உயர்த்தியது. அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மறுவாழ்வுப் பயிற்சிக்கு, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை விசாரிக்கலாம். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு அது. அரை நூற்றாண்டுக்கு முன் அப்படி அடிபட்ட மனிதர் பத்மஸ்ரீ வாங்கினார் என்பதை, "இனி இவ்வளவுதான்" என்று சொல்லும் உறவினர்களுக்குச் சொல்லலாம்.

கடைசியாக, நிஜமாகவே கைவிடப்பட்டவர்கள். கூலிக்குப் போயே தீர வேண்டிய மருமகளையும், வசதி இருந்தும் தட்டிக்கழிக்கும் மகனையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. இரண்டாமவருக்குத்தான் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிடலாம். உணவு, இருப்பிடத்தோடு மருத்துவக் கவனிப்பும் பராமரிப்பு என்பதற்குள் அடங்கும். தேனி மாவட்டத்தில் பெரியகுளம், உத்தமபாளையம் என இரண்டு கோட்டாட்சியர்கள். தீர்ப்பாயம் அவர்கள் தலைமையில்தான் நடக்கிறது. மனுவை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், தனிச் சூழலில் 30 நாள் நீட்டிக்கலாம். முதியவரைக் கைவிட்டுவிட்டுப் போகிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தோட்டத்தையோ வீட்டையோ பிள்ளைக்குத் தானசெட்டில்மென்ட் எழுதும்போது, கடைசிவரை கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மீறினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு 23ஆம் பிரிவு அப்போதுதான் உறுதியாகக் கைகொடுக்கும்.

கிடையில் இருப்பவர் உத்தமபாளையம் வரை வர முடியாதே என்றால், வர வேண்டியதில்லை. அவர் சம்மதத்தோடு வேறு ஒருவரோ ஒரு அமைப்போ மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. முதியோர் உதவி எண் 14567. பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம்.